இப்போது வரும் தமிழ்ப் பாட்டுகள் ஏன் ஒரு மாதத்தில் சலித்துவிடுகின்றன?

கேள்வி கேட்டவருக்கு இருபத்து மூன்று வயது என்று எழுதியிருக்கிறார். வீட்டில் அப்பா "இப்ப வர்றதெல்லாம் ஒரு பாட்டா" என்கிறாராம். அது புலம்பல்தான் என்று நினைத்தாலும், தனக்கே புதுப் பாட்டுகள் ஒரு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை, தான் பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்க முடிகிறது, இது ஏன் என்று கேட்கிறார். தமிழ்த் திரையிசையின் தரம் நிஜமாகவே இறங்கிவிட்டதா, யாரைக் கேட்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாறியது பாட்டா, கேட்கிற காதா என்பது ஒன்று. பாட்டுதான் மாறியது என்றால் அதில் எந்த இடம் மாறியது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். இரண்டாவதற்கு நிறையவே சொல்லலாம்.

நான் பல வருஷம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். மேடைக்கு ஒரு பாட்டை எடுப்பது என்றால் கேசட்டை ஓட்டி, நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டி, வயலின் என்ன போகிறது, பேஸ் கிட்டார் என்ன போகிறது, குழல் எங்கே வந்து சேர்கிறது என்று தனித்தனியாகக் கேட்டு எழுதுவது. பிறகு இருக்கிற ஆறேழு பேருக்கு அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எண்பதுகளின் பாட்டையும் போன வருஷத்துப் பாட்டையும் இப்படிப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். திரைப்பாட்டு பற்றி மட்டும் பேசுகிறேன். கச்சேரி மேடை வேறு உலகம், அதில் கருத்துச் சொல்கிற அளவுக்கு நான் உள்ளே இருந்தவன் இல்லை.

முதலில் காதைப் பற்றி. நம் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் பிற்பாடு அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்பதை உளவியல் ஆய்வுகள் பலமுறை கண்டிருக்கின்றன. இசைக்கும் அது பொருந்துகிறது. அப்பாவுக்குத் தன் கல்லூரிக் காலத்துப் பாட்டு உயர்ந்ததாகத் தெரிவது இயல்பு. அடுத்து, வடிகட்டல். எண்பதுகளில் ஆண்டுக்கு நூறு தமிழ்ப் படங்களுக்கு மேல் வந்தன, படத்துக்கு ஐந்தாறு பாட்டு. அப்படியானால் ஒரு வருஷத்துக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள். இன்று அவற்றில் எத்தனை ஒலிக்கின்றன? மேடைக்காக அந்தக் காலத்து கேசட்டுகளை முழுக்கக் கேட்டவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன், மறந்துபோன பாட்டுகளில் பெரும்பாலானவை மறக்கப்பட வேண்டியவையே. இன்றைய பாட்டுகளை நாம் வடிகட்டாமல் கேட்கிறோம், பழையவற்றை வடிகட்டிக் கேட்கிறோம். இந்த ஒப்பீடு தொடக்கத்திலேயே ஒருபக்கம் சாய்ந்துவிட்டது.

புலம்பலும் புதிதில்லை. அறுபதுகளில் விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் மெல்லிசை வந்தபோது ராகத்தில் ஊறியவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். 1976-இல் அன்னக்கிளி வழியாக இளையராஜா வந்தபோது அதே குறை வேறு வாயிலிருந்து வந்தது. 1992-இல் ஏ.ஆர். ரஹ்மானின் ரோஜா வந்தபோது "இது கம்ப்யூட்டர் இசை, நிற்காது" என்று எங்கள் குழுவுக்குள்ளேயே பேச்சு. முப்பது வருஷம் கழித்தும் அது நிற்கிறது. அதனால் 'எல்லாம் போச்சு' என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்புவதில்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் இந்த விளக்கம் போதாது. நீங்கள் பிறக்கும் முன் வந்த பாட்டுகளோடு உங்களுக்கு இளமை நினைவு எதுவும் கிடையாது. வடிகட்டல் ஓரளவு பொருந்தும், வீட்டில் உங்கள் காதுக்கு வந்து சேர்ந்தவை சிறந்தவை மட்டும்தான். அதைக் கழித்த பிறகும் ஏதோ மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம் பாட்டுக்குள் இருக்கிறது என்பது என் கருத்து. மெட்டு வற்றிவிடவில்லை. இன்றைக்கு வரும் பல்லவிகளில் பல, எந்தக் காலத்துப் பல்லவியோடும் நிற்கக்கூடியவை. காணாமல் போயிருப்பது பாட்டின் நடுப்பகுதி.

பழைய அமைப்பை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, முதல் சரணம், பல்லவி, இரண்டாவது இடையிசை, இரண்டாவது சரணம், கடைசியாகப் பல்லவி. இரண்டாவது இடையிசை முதல் இடையிசையின் மறுபதிப்பாக இருக்காது. அதில் வேறு கருவிகள், வேறு தாளக்கட்டு, சில சமயம் வேறு சுருதியே வந்துபோகும். சரணத்தின் மெட்டு பல்லவியிலிருந்து விலகிப் போய், மேலே ஏறி, கடைசி வரியில் பல்லவிக்குத் திரும்ப ஒரு வழி கண்டுபிடிக்கும். அந்தத் திரும்பும் வரிதான் ஒரு இசையமைப்பாளரின் கைத்திறன் தெரிகிற இடம். பல்லவி ஒரு நொடியில் தோன்றிவிடலாம். அதிலிருந்து எங்கே போவது, எப்படித் திரும்புவது என்பதற்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மேடையில் நாங்கள் பார்த்தது ஒன்று உண்டு: இடையிசை தொடங்கியதும் கூட்டம் கைதட்டும். பாடகர் சும்மா நிற்கிற நேரத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் வயலின் போக்கை வாயால் பாடிக்கொண்டிருப்பார்கள். இடையிசையில் ஒரு சுரம் விட்டுவிட்டால் நிகழ்ச்சி முடிந்ததும் வந்து கேட்பார்கள். சொல்லே இல்லாத பகுதி மக்களுக்கு மனப்பாடம்!

இந்தச் செறிவுக்கு ஒரு காரணம் வேலை நடந்த விதம். ஏ.வி.எம்., பிரசாத் போன்ற ஒலிப்பதிவுக் கூடங்களில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே கால்ஷீட்டில் உட்கார்ந்து வாசித்தார்கள். பாடகர் கண்ணாடி அறைக்குள் நிற்பார். ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து மறு டேக். இளையராஜா நொட்டேஷனைத் தன் கையால் எழுதி, வாத்தியத்துக்கு வாத்தியம் பிரித்துக் கொடுத்துவிடுவார். அத்தனை பேர் கூலிக்கு வந்து உட்கார்ந்திருக்கும்போது அவர்களுக்கு வாசிக்க ஏதாவது வேண்டும், அதுவும் முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும். எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றில் பேஸ் கிட்டாரை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அது தாளத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்காது, பாடகரோடு பேசிக்கொண்டே இன்னொரு மெட்டாகப் போகும். மேடைக்கு எடுக்கும்போது எனக்கு அதிக நேரம் தின்றது அதுதான்.

ரஹ்மானோடு வேலை முறை மாறியது, ஆனால் செறிவு போகவில்லை. அவர் கணினியில் அடுக்கினார், வாத்தியக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்து வாசிக்கவைத்தார், பிடித்ததை எடுத்துக் கோத்தார். நவீனின் குழல், கீத் பீட்டர்ஸின் பேஸ், சிவமணியின் தாளம் என்று ஆள் தெரிகிற வாசிப்பு அதில் இருந்தது. கேசட், சிடி உறைகளில் அவர்கள் பெயரை அச்சிட்டார். ஹெச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளர் செய்த கலவையில் (மிக்ஸிங்) ஒவ்வொரு ஒலிக்கும் தனி இடம் இருந்தது. ஆகவே கணினி வந்ததால் இசை கெட்டது என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன்.

இன்றைய பாட்டு ஒன்றை மேடைக்கு எடுத்தால் பெரும்பாலும் என்ன கிடைக்கிறது? நான்கு கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்), அல்லது இரண்டே இரண்டு, பாட்டு முழுக்கச் சுற்றிச் சுற்றி வருகின்றன. மேலே ஒலிகள் சேர்கின்றன, விலகுகின்றன, ஓரிடத்தில் தாளம் நின்று மறுபடி விழுகிறது. பல்லவிக்கும் சரணத்துக்கும் அடியில் அதே சுற்றுதான். இடையிசை என்ற இடத்தில் பல்லவியின் மெட்டையே ஒரு சின்தசைசரோ, வெட்டி ஒட்டிய குரலோ திரும்பச் சொல்கிறது. இரண்டாவது சரணம் பல பாட்டுகளில் கிடையாது. இருந்தால் அது ராப் பகுதி. எல்லாப் பாட்டும் இப்படி என்று சொல்லவில்லை, ஆனால் பெரிய படங்களின் முதல் சிங்கிளாக, அதாவது படத்துக்கு முன்பே தனியாக, வருபவற்றில் இதுதான் பொதுவான அச்சு.

நேரம் குறைந்ததுதான் காரணம் என்று சிலர் சொல்வது சரியாகப் படவில்லை. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அந்த மூன்றரை நிமிடத்துக்குள் பல்லவி, இடையிசை, இரண்டு மூன்று சரணம் எல்லாம் உட்கார்ந்திருந்தன. இன்றைய பாட்டும் ஏறக்குறைய அதே நீளம்தான், அந்த நேரத்தில் பெரும்பகுதியை ஒரே வரி எடுத்துக்கொள்கிறது.

சரி, நடுப்பகுதி ஏன் போனது? இதில் உறுதியாகத் தெரிவதையும் என் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது: படத்தில் பாட்டின் வேலை மாறிவிட்டது. நாயகனும் நாயகியும் வாயசைத்துப் பாடும் காட்சிகள் குறைந்து, கதை நகரும்போது பின்னால் ஒலிக்கும் மான்டாஜ் பாட்டுகள் கூடிவிட்டன. வாயசைப்புப் பாட்டில் இடையிசைக்கு நடனமோ காட்சி மாற்றமோ இருந்தது, சரணத்தில் கதாபாத்திரம் ஏதாவது சொல்லியாக வேண்டும். மான்டாஜில் இரண்டுமே தேவைப்படுவதில்லை, மனநிலை ஒன்று போதும். இன்னொன்று, பாட்டு இப்போது படத்துக்கு முன்னால் தனியாக வருகிறது. 2011 நவம்பரில் '3' படத்தின் 'கொலவெறி' யூடியூபில் வெளியாகி உலகம் சுற்றியது, படம் வந்ததோ 2012-இல். அதன் பிறகு சிங்கிள் என்பது விளம்பரத்தின் முதல் படி ஆகிவிட்டது. மூன்றாவது, ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் முப்பது நொடி கேட்டால்தான் ஒரு கேட்பு என்று கணக்காகிறது. நீண்ட முன்னிசை வைத்தால் கேட்பவர் அதற்குள் தள்ளிவிட்டுப் போகக்கூடும். 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடைபட்டு, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. பாட்டில் கால் நிமிடத் துண்டு ஒன்றுதான் ஊர் சுற்றுகிறது.

ஊகம் என்னவென்றால், இசையமைப்பாளர்கள் அந்தக் கால் நிமிடத்தை முதலில் செய்துவிட்டு, மற்றதை அதைச் சுற்றி நிரப்புகிறார்கள் என்பது. கேட்கும்போது எனக்கு அப்படித்தான் படுகிறது. ஆனால் ஒருவர் எந்த வரிசையில் யோசித்தார் என்பதை வெளியிலிருந்து நிரூபிக்க முடியாது. தயாரிப்பாளரும் இயக்குநரும் கேட்பதைத்தான் அவர்களும் தர வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இப்போது உங்கள் ஒரு மாதக் கணக்குக்கு வருகிறேன். ஒரு பாட்டில் எட்டு விதமான நகர்வுகள் இருந்தால் முதல் முறை கேட்கும்போது மூன்றுதான் காதில் விழும். பத்தாவது முறை கேட்கும்போது செல்லோ கீழே என்ன செய்கிறது என்று தெரியும். ஒரே சுற்றில் ஓடும் பாட்டு முதல் தடவையிலேயே தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுகிறது. அதோடு, அதன் ஒரே துண்டை ரீல்ஸில் ஒரு வாரத்துக்குள் நூறு முறை கேட்டுவிடுகிறோம். முழுப்பாட்டைக் கேட்காமலேயே சலிப்பு வந்துவிடுகிறது. பழைய காலத்தில் வானொலியில் அடுத்து எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருந்து கேட்டார்கள். ஆகவே சலிப்பில் பாட்டின் பங்கு எவ்வளவு, கேட்கும் முறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டும் இருக்கின்றன.

குரலைப் பற்றி அப்பா நிச்சயம் ஏதாவது சொல்லியிருப்பார், அதில் நியாயம் உண்டு. வார்த்தை புரியவில்லை என்பதற்கு வெளிமாநிலப் பாடகர்கள்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். அது தவறு. பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் தெலுங்கர்கள், யேசுதாஸ் மலையாளி. வித்தியாசம், அன்று ஒலிப்பதிவின்போது பாடலாசிரியரோ உதவியாளரோ கூடவே நின்று ழகரத்தையும் ளகரத்தையும் திருத்தினார்கள். இன்று பாடகர் வேறு ஊரில் தன் அறையில் பாடி, கோப்பாக அனுப்பிவிட முடிகிறது. கூட யாரும் இல்லையென்றால் தப்பு அப்படியே பதிவாகிவிடும். இன்னொரு காரணம் கலவை. முன்பு குரல் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது, இப்போது தாளத்தின் நடுவே ஒரு ஒலியாக உட்கார்ந்திருக்கிறது. பாடகரின் சுருதியைத் திருத்தும் மென்பொருளான, 1997-இல் வந்த ஆட்டோ-டியூனைக் குறை சொல்பவர்கள் அதிகம். அளவாகப் பயன்படுத்தினால் அது காதுக்கே தெரியாது. ஒவ்வொரு கமகத்தின் நெளிவையும் நேர்கோடாக்கும்போதுதான் பாடகரின் அடையாளம் போய், நாலு பேர் குரல் ஒரே மாதிரி கேட்கிறது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் ஒரு வரிக்கு நடுவே சிரித்துக்கொண்டு சுரத்தில் லேசாகச் சறுக்கி ஏறுவார், அந்தச் சறுக்கலை எந்த மென்பொருளும் தப்பு என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

சத்தமும் ஒரு விஷயம். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து உலகம் முழுக்கவே பாட்டுகளைக் கூடுமானவரை உரக்கப் பதிவு செய்யும் போட்டி நடந்தது. மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பாட்டு உரக்கக் கேட்கும், ஆனால் காது சீக்கிரம் களைக்கும். இப்போது ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) என்ற அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிக்கவிடுகிறது. யூடியூபும் மிக உரத்தவற்றைத் தானே குறைத்துவிடுகிறது. அதனால் உரக்கப் பதிவு செய்பவருக்கு அங்கே ஒரு லாபமும் கிடையாது. இருந்தும் பழக்கம் விடவில்லை. இந்த ஒன்றில் எனக்குக் கோபமே உண்டு, ஏனென்றால் நல்ல மெட்டுகள் பலவற்றை இது மூச்சுத் திணறவைத்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் உள்ளதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். பேஸ் ஒலியின் ஆழம், தாள ஒலிகளின் நுணுக்கம், குரல் காதருகே பேசுவது போன்ற நெருக்கம் இவையெல்லாம் இன்றைக்கு இருப்பதுபோல் எக்காலத்திலும் இருந்ததில்லை. பாடுகிறவர்களின் வட்டமும் விரிந்துவிட்டது. ஒரு காலத்தில் ஏழெட்டுக் குரல்கள்தான் தமிழ்நாடு முழுக்கக் கேட்டன. இன்று கரகரத்த குரலும், மேடை இலக்கணம் தெரியாத குரலும் பாடலாம். தொண்ணூறுகளில் தேவா கானாவைப் படத்துக்குள் கொண்டுவந்தபோது அது பெரும்பாலும் கேளிக்கைப் பாட்டாகத்தான் இருந்தது. பா. ரஞ்சித்தின் முயற்சியில் உருவான தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு 2018-இல் மேடை ஏறியபோது அதே கானாவும் பறையும் தன் அரசியலைத் தானே பேசின. மலேசியாவின் யோகி பி 2006-இல் தமிழ் ராப்பை முழு ஆல்பமாகக் கொடுத்தார். 2021-இல் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி'யில் தேயிலைத் தோட்டத்துக்குப் போன முன்னோர்களின் கதை இருந்தது, அது எந்தப் படத்தின் காட்சிக்காகவும் எழுதப்பட்டதில்லை. சினிமாவுக்கு வெளியே தமிழ்ப் பாட்டுக்கு இவ்வளவு பெரிய இடம் என் இளமையில் கிடையாது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், அவர் கேட்டிருக்க மாட்டார்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2024-இல் லால் சலாம் படத்துக்காக மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் குடும்பத்தாரின் அனுமதியோடு ரஹ்மான் இப்படி உருவாக்கினார். அனுமதியும் பணமும் கொடுத்துச் செய்ததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு பாடகர் இந்த வரியை எப்படிப் பாடியிருப்பார் என்பதை அவர் மட்டுமே முடிவு செய்ய முடியும். குரலின் நிறம் திரும்பி வரலாம், அந்த முடிவு வராது. இது எங்கே போய் நிற்கும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து இன்னும் உருவாகவில்லை.

யாரைக் கேட்கலாம் என்றீர்கள். நடுப்பகுதி இன்னும் உயிரோடு இருப்பதைக் கேட்க வேண்டுமானால் சந்தோஷ் நாராயணன், ஷான் ரோல்டன், கோவிந்த் வசந்தா, பிரதீப் குமார் இவர்களின் பாட்டுகளில், படத்தின் முதல் சிங்கிளை விட்டுவிட்டு, ஆல்பத்தில் நான்காவது ஐந்தாவதாக இருப்பவற்றைப் போட்டுப் பாருங்கள். விளம்பரச் சுமை இல்லாத இடத்தில்தான் இசையமைப்பாளர்கள் சுதந்திரமாக வேலை செய்கிறார்கள் என்பது என் அனுபவம். யூடியூப் பதிவின் கீழே வாத்தியக்காரர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும், வயலின், செல்லோ, நாதஸ்வரம் என்று ஆட்கள் பெயர் நிறைய இருந்தால் அந்தப் பாட்டுக்குக் கூடுதலாக இரண்டு தடவை வாய்ப்புக் கொடுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். சாதாரண இயர்ஃபோன் போதும், ஆனால் முதல் தடவை பேஸை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை பாடகர் பாடாத இடங்களை மட்டும் கவனியுங்கள். அப்பாவோடு உட்கார்ந்து அவருடைய பாட்டு ஒன்று, உங்களுடையது ஒன்று என்று மாற்றி மாற்றி இதைச் செய்தால் இன்னும் நல்லது. எந்தப் பாட்டு யாருக்கு எங்கே பிடித்தது என்று இங்கேயே வந்து எழுதுங்கள், நானும் அவற்றைக் கேட்டுவிட்டுப் பதில் போடுகிறேன்.